வாடகைக்காரர் படகு ஸ்லிப்பிலேயே மூழ்கிவிட்டது. படகுத்துறை நடத்துபவர் எதுவரை பார்க்க வேண்டும்?

புதுத்துறை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 84 ஸ்லிப் (ஒரு படகு கட்டிவைக்கும் இடம்) உள்ள ஒரு படகுத்துறையை நடத்தும் பொறுப்பு ஐந்து மாதத்துக்கு முன்னால் என் கைக்கு வந்தது. அதுவரை அதே துறையின் எரிபொருள் மேடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டீசல் போடத் தெரியும், வருகிற படகின் கயிற்றைப் பிடித்துக் கட்டத் தெரியும். ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், கோபமாக வரும் போன் இதெல்லாம் எனக்குப் புதிது.

இரண்டு வாரத்துக்கு முன் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை ஆறரை மணிக்கு வந்தபோது 31-ஆம் ஸ்லிப்பில் இருந்த 28 அடி மோட்டார் படகு மூழ்கிக் கிடந்தது. கைப்பிடிக் கம்பிகளும் முன் கண்ணாடியின் மேல் விளிம்பும்தான் வெளியே தெரிந்தன. முன் கயிறு இரண்டும் இழுத்த வில் நாண் போல விறைத்து நின்றன. கரை மின்சார வயர் தூணிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் டீசல் படலம்.

உரிமையாளர் வந்து ஆறு வாரம் ஆகிறது. போனில் அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தாழ்ந்திருக்கும்? அந்த வழியாக ஒருவர்கூட நடக்கவில்லையா?"

எங்கள் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது. இடம் மட்டும்தான் வாடகைக்கு, படகைக் கவனிப்பது உரிமையாளர் பொறுப்பு. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இரண்டாம் நாள் மாலை நானே அந்த வழியாகப் போனேன், எரியாத விளக்கு ஒன்றைப் பார்க்க. படகைப் பார்த்தேன், எதுவும் கண்ணில் படவில்லை. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

உங்கள் துறைகளில் எதுவரை பார்த்துக்கொள்கிறீர்கள்? 84 படகில் எதை, எப்படிப் பார்ப்பது? அப்புறம், படகின் நீளத்தை வைத்து வாடகை போடுவதில் ஒருவருடன் சண்டை. பாய்மரக் கயிறு இரவெல்லாம் தட்டுகிறது என்று இன்னொருவர் புகார். இதற்கும் யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.


மூன்றாம்மேடை எழுதியது:

தம்பி, அந்த வழியாகப் போனதை நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். நான் 22 வருடமாக 140 ஸ்லிப் உள்ள ஒரு துறையைப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் ஒப்பந்த வாசகம் சரிதான், எங்களுடையதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் வாடகைக்காரர் மாதாமாதம் தருகிற பணத்தில் பாதி, தான் இல்லாத நாளில் யாரோ ஒருவர் அந்தப் பக்கம் நடக்கிறார், தன் படகைப் பார்க்கிறார் என்ற நம்பிக்கைக்காகத்தான். எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. அவர் வாங்குவது அதைத்தான். நான் இந்த வேலையை அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்.

முதலில், கட்டிய இடத்தில் படகு எப்படி மூழ்குகிறது என்பது மனதில் படமாக இருக்க வேண்டும். ஓடும்போது மூழ்கும் படகுகளைவிடக் கட்டிய இடத்தில் மூழ்குபவைதான் அதிகம். பெரும்பாலும் பெரிய ஓட்டை எதுவும் இருக்காது. ஒரு இலை போதும்.

பின்பக்கத் தளத்தின் வடிகாலில் இலை அடைக்கிறது. மழைத் தண்ணீர் தளத்திலேயே நிற்கிறது. 10 சதுர மீட்டர் தளத்தில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன். அந்தத் தண்ணீர் மூடிகளின் இடுக்கு வழியாகப் படகின் அடிவயிற்றுக்கு இறங்குகிறது. அதை வெளியே தள்ளும் பில்ஜ் பம்ப் ஓடத் தொடங்குகிறது. கரை மின்சாரம் இருக்கும்வரை சார்ஜர் பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கும். ஈரத்தில் தூணில் இருக்கும் பிரேக்கர் விழுந்து, அதாவது தானாக அணைந்து, மின்சாரம் நின்றுவிட்டால்? 4 ஆம்பியர் இழுக்கும் பம்ப் விடாமல் ஓடினால் 100 ஆம்பியர்-மணி பேட்டரியை ஒரே நாளில் தீர்த்துவிடும். பம்ப் நிற்கிறது, பின்பக்கம் தாழ்கிறது. வழக்கமாக நீர்க்கோட்டுக்கு (படகு எதுவரை தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறதோ அந்தக் கோடு) ஒரு கை உயரம் மேலே இருக்கும் வெளியேற்றுக் குழாயின் வாய் இப்போது தண்ணீருக்குக் கீழே போகிறது. வெளியே தள்ள வைத்த குழாய் வழியாகவே தண்ணீர் உள்ளே வரத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு சில மணி நேரம்தான்.

உங்கள் 31-ஆம் ஸ்லிப்பில் இரண்டாம் நாள் மாலை அந்தப் பின்பக்கம் நான்கைந்து விரற்கடைதான் தாழ்ந்திருக்கும். அது கண்ணில் படவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

பார்க்க வேண்டியது நீர்க்கோடு. ஒப்பந்தம் போடும் நாளன்று ஒவ்வொரு படகையும் பின்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போட்டோ எடுத்து, ஸ்லிப் எண்ணோடு வைத்துவிடுங்கள். அடிப்பூச்சு முடிகிற கோட்டுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி என்பது அதில் இருக்கும். சுற்று வரும்போது சந்தேகம் வந்தால் போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஒரு மாதம் நடந்தால் போட்டோவே தேவைப்படாது. நம் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தால் தெருமுனையிலேயே தெரிவது போல, ஒரு படகு சரியாக உட்காரவில்லை என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது காது. காலையில் மேடை அமைதியாக இருக்கும்போது நடங்கள். எங்காவது பம்ப் தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டால் அங்கேயே நின்று கடிகாரத்தைப் பாருங்கள். மழை இல்லாத நாளில் பத்து நிமிடத்தில் இரண்டு முறை ஓடுகிற பம்ப், எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. சுழல்தண்டு வெளியே போகும் இடத்தின் அடைப்பு தளர்ந்திருக்கலாம், குழாய்க் கவ்வி துருப்பிடித்து விட்டிருக்கலாம்.

மூன்றாவது கயிறு. கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) கட்டியிருக்கும் முடிச்சை எல்லோரும் பார்ப்பார்கள். தேய்வது அங்கே இல்லை. கயிறு படகின் விளிம்பைத் தாண்டும் இடத்தில்தான் அறுந்துபோகும். அந்த இடத்தில் ஒரு பழைய ரப்பர் குழாய்த் துண்டையாவது மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். நைலான் கயிறு இழுபட்டுக் கொடுப்பதால் அதிர்வைத் தாங்கும், ஆனால் அந்த இழுபடலே விளிம்பில் உரசவைக்கும்.

இதை நான் பாடமாகக் கற்ற நாள் உண்டு. ஒரு மாலை, ஒரு பாய்ப்படகின் முன் கயிற்றில் மூன்று இழைகளில் ஒன்று பிய்ந்திருந்ததைப் பார்த்தேன். காலையில் உரிமையாளருக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். இரவு இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. கயிறு அறுந்து, படகு பக்கத்துப் படகின் மேல் விடியும்வரை மோதிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் படகை ஒரு வயதான தம்பதி நான்கு வருடம் தங்கள் கையாலேயே பலகை பலகையாகச் சரிசெய்திருந்தார்கள். அந்த அம்மா உடைந்த பலகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து சுற்று வரும்போது என் தோளில் 10 மீட்டர் நைலான் கயிறு ஒன்று எப்போதும் தொங்கும்.

அதற்கு ஒரு அனுமதித் தாள் வேண்டும். ஒரே பக்கம் போதும். அவசரத்தில் படகில் ஏறலாமா, கயிறு மாற்றலாமா, பம்ப் வைக்கலாமா, அதற்குக் கட்டணம் உண்டா, சாவி எங்கே, பேட்டரி சுவிட்ச் எங்கே, கடல்நீர் வால்வுகள் எங்கே, அவர் போனை எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது. வாசகத்தை வழக்கறிஞரிடமும் உங்கள் காப்பீட்டுக்காரரிடமும் காட்டிவிடுங்கள். தினமும் பார்க்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால் பொறுப்பின் அளவு மாறும், அது அந்தந்த இடத்துச் சட்டத்தைப் பொறுத்தது. அதற்குப் பயந்து நடக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பார்த்ததை அன்றே சொல்லுங்கள். "உங்கள் படகில் ஏதோ பிரச்சினை" என்று செய்தி அனுப்பினால் அவர் பதறுவார், இல்லை அலட்சியப்படுத்துவார். "காலை 6.40-க்கு உங்கள் பம்ப் பத்து நிமிடத்தில் மூன்று முறை ஓடியது, பின்பக்கம் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது" என்று ஒரு போட்டோவோடு அனுப்புங்கள். அன்று மாலையே வந்து நிற்பார்.

டீசல் படலத்தைப் பற்றி ஒன்று. பாத்திரம் தேய்க்கும் சோப்பை யாராவது ஊற்றச் சொன்னால் விடாதீர்கள். படலம் கண்ணிலிருந்து மறையும், எண்ணெய் துளித்துளியாகத் தண்ணீருக்குள்ளேயே கலந்துவிடும். மிதவைத் தடுப்பால் வளைத்து, உறிஞ்சும் பட்டைகளால் எடுங்கள். துறைமுக அதிகாரிகளுக்கு நீங்களே முதலில் தகவல் சொல்லிவிடுங்கள்.

பாய்மரக் கயிறு தட்டுவதற்கு: கயிற்றைப் பாய்மரத்திலிருந்து விலக்கி, பக்கக் கம்பியோடு ஒரு இழுவை ரப்பரால் கட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும். அதையும் அனுமதித் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பாய்விரி எழுதியது:

நான் வாடகைக்காரி. 31 அடி பாய்ப்படகு. துறையிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கிறேன், மாதம் ஒரு முறை வந்தால் பெரிது.

அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. போன வருடம் புயல் எச்சரிக்கை வந்த இரவு நான் வானிலை வரைபடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே காலுக்கு மேலாளரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. என் படகின் முன் கயிறுகள் இரட்டிப்பாகக் கட்டியிருந்தன, சுருட்டியிருந்த முன்பாய் மேல் இன்னொரு கயிறு சுற்றியிருந்தது. கீழே இரண்டே வார்த்தை: "கட்டியாயிற்று, தூங்குங்கள்." அந்தத் துறையை விட்டு நான் போகமாட்டேன்.

நீளச் சண்டைக்கு வருகிறேன். இதற்கு முன் இருந்த துறையில் எனக்கு அதுதான் நடந்தது. பதிவுத் தாளில் 31 அடி. அவர்கள் முன்னால் நீட்டிய நங்கூரத் தாங்கியையும் பின்னால் ஏறும் படியையும் சேர்த்து 34 என்று கணக்குப் போட்டு, நான் இல்லாத நாளில் அளந்து, அடுத்த மாதக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். அளவு தப்பு என்று நான் சொல்லவில்லை. நீட்டிக்கொண்டிருப்பது எல்லாம் இடத்தை அடைக்கத்தான் செய்கிறது, மற்ற படகுகள் திரும்பும் வழியையும் குறைக்கிறது. ஆனால் நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து அளந்திருந்தால் நான் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒப்பந்தத்தில் "நங்கூரத் தாங்கி, நீச்சல் மேடை, தூக்கி வைத்த வெளிப்புற மோட்டார் எல்லாம் சேர்த்து" என்று எழுதிவிடுங்கள். அப்புறம் அவரைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே அளந்துவிடுங்கள்.


மின்முனை எழுதியது:

படகுகளுக்கும் துறைகளுக்கும் மின் வேலை செய்கிறேன். எல்லோரும் மூழ்கிய படகைப் பற்றிப் பேசுகிறீர்கள். நண்பரே, நான் உங்கள் கேள்வியில் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். கரை மின்சார வயர் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது என்கிறீர்கள். முதலில் தூணில் பிரேக்கரை அணைத்தீர்களா?


புதுத்துறை எழுதியது:

இல்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. கயிற்றை இன்னொரு கிளீட்டுக்கு மாற்ற எங்கள் பையன் ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். பிரேக்கரைப் பற்றி யாருக்கும் நினைவே வரவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது அது ஏற்கெனவே விழுந்திருந்தது.

எங்கள் துறை ஆற்று முகத்துக்கு உள்ளே, நன்னீரில் இருக்கிறது.


மின்முனை எழுதியது:

அந்தப் பையன் பிழைத்தது அந்தப் பிரேக்கரால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நன்னீர் என்பதால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மின்னோட்டம் பெரும்பாலும் ஆளைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வழியாகவே போய்விடும். நன்னீர் மோசமான கடத்தி, அதைவிட மனித உடல் நல்ல கடத்தி. அதனால் கசியும் மின்சாரம் உடல் வழியாகப் போகிறது. சுமார் 10 மில்லி ஆம்பியர் போனாலே தசை பிடித்துக்கொள்ளும், கையை அசைக்க முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் சத்தம் போடாமல் மூழ்கிப்போவார். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதுதான் நடக்கும். துறைக்குள் நீந்தக் கூடாது என்ற பலகையை எல்லா மேடையிலும் வையுங்கள், காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள். குழந்தைகளோடு வரும் வாடகைக்காரர்களிடம் வாயாலும் சொல்லுங்கள்.

மின்சாரம் கசிகிற படகைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். மில்லி ஆம்பியர் வரை காட்டும் கவ்வி மீட்டர் ஒன்று வாங்குங்கள். கரை மின்சார வயரை முழுதாக அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள வேண்டும், அதனால் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். எண் ஏறினால், அந்த அளவு மின்சாரம் வேறு வழியில், பெரும்பாலும் தண்ணீர் வழியாகத் திரும்புகிறது. அந்த வயரைக் கழற்றிவிட்டு உரிமையாளரைக் கூப்பிடுங்கள். படகின் ஃபிரிட்ஜ், சுடுதண்ணீர் ஹீட்டர் எல்லாம் ஓடும்போதும் ஒரு முறை பாருங்கள், பல கசிவுகள் ஹீட்டர் சூடாகும்போதுதான் தெரியும். தூண்களில் 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்று உங்கள் மின்பணியாளரிடம் கேளுங்கள்.

பிளக் முனைகளையும் பாருங்கள். பழுப்பேறியிருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ அது தீயில் முடியும்.


மூன்றாம்மேடை எழுதியது:

மின்முனை சொன்னதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் துறையில் மூழ்கும் படகைக் கண்டால் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: பிரேக்கர், வயர், பிறகுதான் பம்ப், கயிறு. தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது, முக்குளிப்பவரானாலும் அந்த மேடையின் மின்சாரம் முழுதும் அணைந்த பிறகுதான். இது எல்லாப் பணியாளருக்கும் மனப்பாடம்.


புதுத்துறை எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

31-ஆம் ஸ்லிப் படகை வெளியே தூக்கிவிட்டார்கள். பின்பக்க வடிகாலில் இலை இல்லை. ஜன்னல் துடைத்த பழைய துணி ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டு அடைத்திருந்தது. உரிமையாளர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னுடையதுதான்" என்றார். பிரேக்கர் விழுந்திருந்ததையும், இரண்டாம் நாள் மாலை நான் அந்த வழியாகப் போனதையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வேறு படகு வாங்கினால் இதே ஸ்லிப் வேண்டும் என்று பெயர் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இப்போது தினமும் காலை ஆறரைக்குச் சுற்று. 84 படகுக்கு ஐம்பது நிமிடம் ஆகிறது. முதல் வாரத்தில் அகப்பட்டவை: அடைத்த வடிகால் மூன்று, விளிம்பில் பாதி அறுந்த கயிறு ஐந்து, உருகிய பிளக் ஒன்று. கவ்வி மீட்டரில் ஒரே படகு மட்டும் 180 மில்லி ஆம்பியர் காட்டியது. ஹீட்டரின் கம்பிச்சுருள் பழுதாம். அந்தப் படகுக்கு எதிர் ஸ்லிப்பில்தான் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வார இறுதியில் தங்கும்.

நீளச் சண்டைக்காரரைக் கூப்பிட்டு நாடாவின் முனையைக் கையில் கொடுத்தேன். அவர் சொன்னதைவிட ஒன்றரை அடி கூட, நான் சொன்னதைவிட அரை அடி குறைவு. அங்கேயே நின்று திருத்திக்கொண்டோம்.

இன்னும் ஒரே சந்தேகம் அண்ணா. பெருமழை இரவில் காலை வரை காத்திருக்கலாமா?


மூன்றாம்மேடை எழுதியது:

காத்திருக்க வேண்டாம் தம்பி. மழை வலுத்தால் இரவு பத்து மணிக்கு ஒரு சுற்று, விடியுமுன் ஒன்று. மூழ்கக்கூடிய படகுகள் எவை என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும், மேல்விரிப்பு இல்லாதவை, பேட்டரி பழையவை, உரிமையாளர் வெகுநாள் வராதவை. அவற்றை மட்டும் பார்த்தால் போதும், பதினைந்து நிமிட வேலை. தனியாகப் போகாதீர்கள். உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஈரமான மேடையில் இரவில் விழுந்தால் ஏறி வருவது கஷ்டம், அதனால் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி ஒவ்வொரு மேடையிலும் எங்கே இருக்கிறது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துவையுங்கள். இல்லாத மேடையில் இந்த வாரமே ஒன்று மாட்டிவிடுங்கள்.